எட்டாயிரம் ரூபாய்க்காக முடங்கிய கணக்கு: 47 நாள் நான் அலைந்த கதை

பெங்களூர் அல்சூரில் எனக்கு ஒரு ஜெராக்ஸ் கடை. ஏரிக்கரையில் திருவள்ளுவர் சிலை இருக்கிறதே, அங்கிருந்து நடக்கிற தூரம்தான். ஜெராக்ஸ், ஸ்பைரல் பைண்டிங், லேமினேஷன், பள்ளிப் பிள்ளைகளுக்கு நோட்டு, பேனா. வீட்டுக்காரர் மஸ்கட்டில் வேலை செய்கிறார். கடையும் வீடும் என் பொறுப்பு. 2025 ஆகஸ்ட் 13 முதல் செப்டம்பர் 29 வரை என் வங்கிக் கணக்கிலிருந்து ஒரு ரூபாய்கூட எடுக்க முடியவில்லை. எங்கோ வடக்கே, யாரோ ஒருவரிடம் திருடிய பணத்தில் எட்டாயிரம் என் கணக்கில் விழுந்திருந்தது. எனக்கு யாராவது முன்னாலேயே சொல்லியிருந்தால் இவ்வளவு அல்லாடியிருக்க மாட்டேன். கியூஆர் வைத்துக் கடை நடத்தும் எல்லோருக்கும் இது நடக்கலாம் என்பதால் ஒன்றுவிடாமல் எழுதுகிறேன்.

ஜூலை 26, சனிக்கிழமை, ராத்திரி எட்டரை இருக்கும். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டேன். இருபது, இருபத்தொரு வயதில் ஒரு பையன் வந்தான். தோளில் பை, நல்ல சட்டை. "அக்கா, அம்மாவ ஆஸ்பத்திரில சேர்த்திருக்கு, ஏடிஎம்ல பணம் வரல. எட்டாயிரம் கேஷ் குடுங்க, இப்பவே போன்ல போட்டுடறேன்" என்று கன்னடமும் இந்தியும் கலந்து கேட்டான். மேலே நூறு ரூபாய் சேர்த்துத் தருவதாகவும் சொன்னான், நான் வேண்டாம் என்றேன். இந்த இடத்தை நான் எத்தனையோ ராத்திரி திரும்பத் திரும்ப நினைத்துப் பார்த்திருக்கிறேன். அவன் என் கியூஆரை ஸ்கேன் செய்யவில்லை. அதை போட்டோ எடுத்தான். வாட்ஸ்அப்பில் யாருக்கோ அனுப்பினான். "அண்ணன் போடுவான், ரெண்டு நிமிஷம்" என்று சொல்லிவிட்டு நோட்டு அடுக்கைப் பார்த்தபடி நின்றான். கொஞ்ச நேரத்தில் சவுண்ட் பாக்ஸ் எட்டாயிரம் வந்ததாகச் சொன்னது. கல்லாவிலிருந்து பதினாறு ஐந்நூறு ரூபாய்த் தாள்களை எண்ணிக் கொடுத்தேன். அனுப்பியவர் பெயர் என்ன என்று போனை எடுத்துப் பார்க்கத் தோன்றவில்லை. அப்புறம் பார்த்தபோது பெயர் ஒரு பெண்ணுடையது. அண்ணன் எங்கே, அந்தப் பெண் எங்கே?

திருட்டுப் பணத்தைக் கையில் நோட்டாக மாற்றுவதற்கு அவர்களுக்கு இது சுலபமான வழி. ஏமாந்தவரிடம் பறித்த பணம் முதலில் யாரோ கமிஷனுக்கு வாடகைக்கு விட்ட ஒரு கணக்குக்குப் போகும், அங்கிருந்து பத்துக் கணக்குக்குப் பிரியும், கடைசியில் என்னைப் போன்ற ஒரு கடைக்காரர் கல்லாவிலிருந்து நோட்டாக வெளியே வரும். நோட்டு கைமாறிய பிறகு தடம் அறுந்துவிடும். தடம் அறுகிற இடத்தில் நிற்பது நம் கணக்கு. அதனால் பொருள் வாங்காதவருக்கு, யுபிஐ வாங்கிக்கொண்டு நோட்டுக் கொடுக்காதீர்கள். எவ்வளவு அழுதாலும் சரி. நிஜமாகவே ஆஸ்பத்திரி அவசரம் என்றால் ஆஸ்பத்திரியே போன்வழிப் பணத்தை வாங்கிக்கொள்ளும் காலம் இது. அன்றைக்கு எனக்கு அது உறைக்கவில்லை, என் அம்மா முகம்தான் ஞாபகத்துக்கு வந்தது.

பதினெட்டு நாள் கழித்து, அவென்யூ ரோட்டில் பேப்பர் ரீம் வாங்கப் போனேன். வழக்கமாக வாங்கும் மொத்தக் கடை. பில் 11,400. பணம் போகவில்லை. மறுபடி போட்டேன், போகவில்லை. கார்டும் வேலை செய்யவில்லை. பின்னால் ஆள் நிற்கிறார்கள், கூலிக்காரர் பண்டலைத் தலையில் வைத்தபடி என்னைப் பார்க்கிறார். பண்டலைத் திரும்ப இறக்கச் சொல்லிவிட்டு வெறுங்கையோடு பஸ் ஏறினேன். அந்த ஜூலையில்தான் வணிக வரித்துறை யுபிஐ வரவைப் பார்த்துப் பெங்களூர் சிறு கடைக்காரர்களுக்கு ஜிஎஸ்டி நோட்டீஸ் அனுப்பியதால், பல கடைக்காரர்கள் கியூஆர் அட்டையைக் கழற்றிவிட்டிருந்தார்கள். அதுதான் நமக்கும் வந்துவிட்டது என்று நினைத்தேன். வங்கிக்குப் போனால், கவுண்டரில் இருந்தவர் திரையைப் பார்த்துவிட்டு, வரிசையில் இருந்த அத்தனை பேர் காதிலும் விழ, "சைபர் கிரைம் கேஸ் மேடம், அக்கவுண்ட் ஃப்ரீஸ்" என்றார். என் பின்னால் எங்கள் தெருப் பால்காரர் நின்றிருந்தார். காலடியில் தரை நழுவுகிற மாதிரி இருந்தது.

கணக்கில் இருந்தது 1,43,650 ரூபாய். சந்தேகம் எட்டாயிரத்தின் மேல், பூட்டியது மொத்தத்தையும். மகளின் இரண்டாம் வருடக் கல்லூரிக் கட்டணம் 58,000, ஆகஸ்ட் 25-க்குள் கட்ட வேண்டும். கடைக்கும் வீட்டுக்கும் ஒரே சேமிப்புக் கணக்குதான் வைத்திருந்தேன். இது நான் செய்த பெரிய தவறு. கியூஆருக்கு ஒரு கணக்கு, சேமிப்புக்கு ஒரு கணக்கு என்று, முடிந்தால் வேறு வேறு வங்கியில் வையுங்கள். கியூஆர் கணக்கில் சேருவதை வாரம் ஒருமுறை மாற்றிவிடுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். டெபிட் ஃப்ரீஸ் என்றால் பணம் வெளியே போகாது, உள்ளே வரும். எனக்கு அது புரியவில்லை. சவுண்ட் பாக்ஸ் வழக்கம்போலப் பத்து வந்தது, இருபது வந்தது என்று சொல்லிக்கொண்டே இருந்தது. மூன்று நாளில் 6,870 ரூபாய் அதே பூட்டிய கணக்கில் போய்ச் சேர்ந்தது. கணக்கு முடங்கினது தெரிந்த அந்த நிமிஷமே கியூஆர் அட்டையைக் கழற்றிவிடுங்கள்.

வங்கியில் முதல் நாள் எனக்கு ஒரு விவரமும் தரவில்லை. "ஹெட் ஆபீஸ்ல கேக்கணும்" என்றார்கள். இரண்டாம் முறையும் அதே பதில். வாயால் கேட்டால் வாயால்தான் பதில் வரும் என்று அப்புறம்தான் எனக்குப் புரிந்தது. ஒரு வெள்ளைத்தாளில் எழுதி, நகலில் சீல் வாங்கிக்கொண்டேன். கேட்டது நான்கு விஷயம்: எந்தக் காவல் நிலையம் சொல்லி முடக்கினீர்கள், புகாரின் ஒப்புகை எண் என்ன, சந்தேகத்துக்குரிய பரிவர்த்தனை எது, தொகை எவ்வளவு. பதில் வராவிட்டால் 30 நாளுக்குப் பிறகு ரிசர்வ் வங்கியின் ஒருங்கிணைந்த குறைதீர்ப்பாளர் திட்டத்தில் முறையிடுவேன் என்றும் கடைசியில் ஒரு வரி சேர்த்தேன். அந்தத் திட்டம் 2021-ல் வந்தது, இலவசம், இணையத்திலேயே மனுப் போடலாம். ஆறாம் நாள் மின்னஞ்சல் வந்தது. ஆயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர் தள்ளி ஒரு மாவட்டத்தின் சைபர் காவல் நிலையம். ஒப்புகை எண், தேதி, தொகை 8,000. அதைப் பார்த்ததும்தான் அந்தப் பையன் முகம் ஞாபகத்துக்கு வந்தது.

இது எப்படி நடக்கிறது என்று நான் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். பணத்தைப் பறிகொடுத்தவர் 1930-ஐ அழைக்கிறார், அல்லது உள்துறை அமைச்சகத்தின் தேசிய சைபர் குற்றப் புகார்த் தளத்தில் பதிவு செய்கிறார். பணத்தை வழியிலேயே நிறுத்தும் ஏற்பாடு 2021-ல் வந்தது. பணம் எந்தக் கணக்குக்குப் போனதோ அந்த வங்கிக்கு உடனே தகவல் போகும். அங்கே பணம் இல்லை, நகர்ந்துவிட்டது என்றால் அடுத்த வங்கிக்கு, அதற்கடுத்த வங்கிக்கு. ஒவ்வொரு படியையும் லேயர் என்கிறார்கள். வழியில் பணம் எங்கே இருந்தாலும் நிறுத்தி வைப்பார்கள். ஏமாந்தவர் எவ்வளவு சீக்கிரம் கூப்பிடுகிறாரோ அவ்வளவு பணம் பிழைக்கும். நல்ல ஏற்பாடு, என் பணம் போயிருந்தால் நானும் அந்த எண்ணைத்தான் அழைத்திருப்பேன். ஆனால் சங்கிலியில் நிற்பவர் திருடனா கடைக்காரரா என்று அந்த வேகத்தில் யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை. பிரித்துக் காட்ட வேண்டிய வேலை நம் தலையில் விழுகிறது.

நடுவில் ஒரு முட்டாள்தனம் செய்தேன், மறைக்காமல் எழுதுகிறேன். பயத்தில் தெரிந்தவர் ஒருவரிடம் சொல்ல, அவர் ஒரு ஏஜெண்ட் நம்பர் கொடுத்தார். "அந்த ஸ்டேஷன்ல நமக்கு ஆள் இருக்கு, மூணு நாள்ல எடுத்துடலாம்" என்றார் அந்த ஆள். முன்பணம் ஐயாயிரம் கேட்டார், கொடுத்தேன். அதற்குப் பிறகு போனை எடுக்கவில்லை. முடக்கத்தை நீக்கித் தருகிறேன் என்று பணம் கேட்கும் எவரையும் நம்பாதீர்கள், போலீஸ் என்று சொல்லி போனில் கேட்டாலும்தான். கணக்கை விடுவிக்கக் கட்டணம் என்று ஒன்று கிடையாது. கல்லூரிக் கட்டணத்துக்குச் செயினை அடகு வைத்து எழுபதாயிரம் வாங்கினேன். கழுத்து வெறுமையாக இருப்பதை மகள் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் உள்ளே போனாள். வீட்டுக்காரரிடம் மூன்று வாரம் சொல்லவில்லை. அவர் அனுப்பும் பணமும் இதே கணக்குக்குத்தான் வரும், மாதக் கடைசியில் வேறு வழியில்லாமல் சொன்னேன். அவர் கோபப்படுவார் என்று பயந்தேன். "இத்தனை நாள் தனியாவா சுமந்த?" என்றுதான் கேட்டார்.

எங்கள் பகுதியின் சென் காவல் நிலையத்துக்கும் போனேன். சைபர், பொருளாதாரம், போதைப்பொருள் குற்றங்களுக்கு என்று கர்நாடகத்தில் தனியாக இருக்கும் நிலையங்கள் அவை. "ஃப்ரீஸ் நம்ம கைல இல்லம்மா, ஆனா அந்தப் பையன் உங்களையும் ஏமாத்தியிருக்கான், அதுக்கு நீங்க புகார் குடுங்க" என்றார் அங்கிருந்த தலைமைக் காவலர். நியாயமாகப் பேசினார். கேமரா பதிவு கேட்டார். என் கடைக் கேமராவில் பதினைந்து நாள்தான் நிற்கும், அழிந்துவிட்டது. எதிர் மெடிக்கல் ஷாப் அண்ணனிடம் முப்பது நாள் பதிவு இருந்தது. அழிவதற்கு ஒரு வாரம் இருக்கும்போது பென் டிரைவில் எடுத்துக் கொடுத்தார். அந்தப் பையன் அட்டையை போட்டோ எடுப்பது அதில் தெரிந்தது. நீங்களும் சந்தேகமாக ஏதாவது நடந்தால் அன்றைக்கே பதிவை எடுத்து வையுங்கள்.

வழி காட்டியது, எங்களிடம் ஜெராக்ஸ் எடுக்க வரும் ஒரு ஜூனியர் வக்கீல். மேயோ ஹால் கோர்ட்டுக்குப் போகிற பெண், ஓசூர்க்காரி. நான் அழுததைப் பார்த்து, பேப்பரைக் கீழே வைத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தாள். "அக்கா, சட்டத்துல என்ன இருக்குன்னு சொல்றேன், அதை வச்சு நீங்களே எழுதுங்க" என்றாள். 2024 ஜூலை 1-லிருந்து பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதா இருக்கிறது. அதன் 106-வது பிரிவின்படி குற்றத்தோடு தொடர்பு என்று சந்தேகப்படும் சொத்தைப் போலீஸ் கைப்பற்றலாம். வங்கிக் கணக்கும் சொத்துதான் என்று 1999-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால் கைப்பற்றியதை உடனே மாஜிஸ்திரேட்டுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று அதே 106-ன் மூன்றாம் உட்பிரிவு சொல்கிறது. தெரிவித்தார்களா என்று நாம் எழுதிக் கேட்கலாம். கைப்பற்றிய சொத்தை விடுவிக்கக் கோரி 503-வது பிரிவில் அந்த மாஜிஸ்திரேட்டிடமே மனுப் போடலாம். இன்னும் முக்கியமாக, எவ்வளவு தொகை என்று சொல்லாமல் மொத்தக் கணக்கையும் முடக்குவது சரியில்லை என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024-ல் சொல்லியிருக்கிறது. அதற்கு முந்தைய வருடம் கேரள உயர் நீதிமன்றமும், பிரச்சினைக்குரிய தொகையோடு முடக்கத்தை நிறுத்த வேண்டும் என்று சொன்னது. வேறு மாநிலத்தை அவை கட்டாயப்படுத்தாது, ஆனாலும் எடுத்துக்காட்டலாம்.

எனக்கு இருந்த பெரிய பயம், என்னைக் கைது செய்துவிடுவார்களோ என்பது. திருட்டுப் பணம் என்று தெரிந்தே, அல்லது அப்படி நம்பக் காரணம் இருந்தும் வாங்கினால்தான் குற்றம், அந்த 'தெரிந்தே' என்பதுதான் முக்கியம் என்றாள் அந்த வக்கீல் பெண். பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 318(4) மோசடிக்கு ஏழு வருடம் வரை தண்டனை. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66டி, கணினி வழியே ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுபவனுக்கு மூன்று வருடம் வரை. கமிஷனுக்கு ஆசைப்பட்டுக் கணக்கை வாடகைக்கு விடுகிற பிள்ளைகளை இப்படிப்பட்ட பிரிவுகளில் சேர்க்கிறார்கள். கல்லூரிப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் இதைக் கட்டாயம் சொல்லுங்கள்.

இதற்கிடையில் அந்த ஊர் விசாரணை அதிகாரி போனில் பேசினார். நேரில் வந்து வாக்குமூலம் கொடு என்றார். ரயில் செலவு, கடை, வயதுக்கு வந்த பெண்ணைத் தனியே விட்டுப் போவது, எல்லாம் ஒன்றாகக் கண்முன் வந்தது. சாட்சியாகக் கூப்பிட்டால், ஒரு பெண்ணை அவள் வசிக்கும் இடத்தைத் தவிர வேறெங்கும் வரச் சொல்ல முடியாது என்று அந்த நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 179-வது பிரிவில் இருக்கிறது. அறுபது வயதைத் தாண்டியவர்களுக்கும் அப்படித்தான். சாட்சிக்குத்தான் இது, குற்றம் சாட்டப்பட்டவருக்கு வேறு பிரிவில் நோட்டீஸ் வரும், அதை அலட்சியப்படுத்தக் கூடாது. நான் மரியாதையாக அந்தப் பிரிவைக் குறிப்பிட்டு, வீடியோ காலில் எப்போது வேண்டுமானாலும் பேசத் தயார், எல்லா ஆவணமும் அனுப்புகிறேன் என்று மின்னஞ்சல் போட்டேன். அவர் அதற்குமேல் வற்புறுத்தவில்லை.

அனுப்பியவை இவை: ஆதார், பான், கடையின் டிரேட் லைசென்ஸ், சிறுதொழிலுக்கான உத்யம் பதிவுச் சான்று, ஆறு மாத ஸ்டேட்மெண்டில் அந்த ஒரு வரியை மஞ்சள் மையில் கோடிட்டது, அந்தப் பரிவர்த்தனை எண், ஜூலை 26-ம் தேதி கல்லாக் கணக்கு எழுதிய நோட்டுப் பக்கம், மெடிக்கல் ஷாப் கேமரா பதிவு, சென் நிலையத்தில் நான் கொடுத்த புகாரின் ஒப்புகை. ராத்திரி கணக்கு எழுதும் பழக்கத்தை என் மாமியார் பழக்கிவிட்டார். "ஒருவருக்குக் கேஷ் 8,000, போனில் வந்தது" என்று பால் பாயிண்ட் பேனாவில் அன்றைக்கே எழுதியிருந்த அந்த வரிதான் எனக்குத் துணை நின்றது என்று நம்புகிறேன். கடிதத்தில் நான் கேட்டது ஒன்றே ஒன்று: எட்டாயிரத்தை வழக்கு முடியும்வரை நிறுத்தி வையுங்கள், மீதியை விடுங்கள். இந்தியில் அந்த வக்கீல் பெண் எழுதித் தந்தாள். மின்னஞ்சலோடு விடாமல் பதிவுத் தபாலிலும் அனுப்பினேன். வங்கிக் கிளைக்கும் அந்த மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கும் நகல். கண்காணிப்பாளருக்கு நகல் போன பிறகுதான் காரியம் அசைந்தது.

செப்டம்பர் 29, திங்கள் காலை பதினொரு மணி. ஒரு பையனுக்கு ரெக்கார்டு நோட்டு பைண்டிங் போட்டுக்கொண்டிருந்தேன். வங்கிக் குறுஞ்செய்தி வந்தது. எட்டாயிரத்துக்கு மட்டும் லீன், அதாவது அந்தத் தொகையை மட்டும் எடுக்க முடியாது, மீதியை எடுக்கலாம் என்றிருந்தது. பைண்டிங் மிஷினைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன். என் செலவைக் கூட்டினால், பையனிடம் போனது 8,000, ஏஜெண்டிடம் போனது 5,000, அடகு வட்டி 1,640, தபால், பிரிண்ட், ஆட்டோ என்று ஆயிரத்துக்குமேல். நான் கடையைப் பூட்டிவிட்டு அலைந்த பதினோரு நாளுக்குக் கணக்கு இல்லை. ஓசூர்ப் பெண் ஒரு ரூபாய் வாங்கவில்லை.

அக்டோபரில் அந்த அதிகாரி மறுபடி கூப்பிட்டார். பணத்தைப் பறிகொடுத்தவர் ஓய்வு பெற்ற ஒரு பெரியவர், பங்கு வர்த்தகச் செயலி என்று நம்பிப் பதினோரு லட்சம் போட்டிருக்கிறார், என்னிடம் நிற்கும் எட்டாயிரத்தை அவருக்குத் திருப்ப ஆட்சேபம் உண்டா என்று கேட்டார். எனக்கு இரண்டு நாள் பதில் சொல்ல முடியவில்லை. அந்த எட்டாயிரம் என் கல்லாவிலிருந்தும் போனதுதானே. ஆனால் பதினோரு லட்சம் போன ஒரு மனிதர் எங்கோ உட்கார்ந்திருக்கிறார். கடைசியில் ஆட்சேபமில்லை என்று எழுதிக் கொடுத்தேன். எழுதும்போது வக்கீல் சொன்னபடி, பணம் என்னிடம் வந்த விதத்தையும், குற்றத்தில் எனக்குப் பங்கு எதுவும் இல்லை என்பதையும் முதல் பத்தியிலேயே போட்டேன். நீதிமன்ற உத்தரவின்படி மட்டுமே தொகையை விடுவிக்க வேண்டும் என்றும் சேர்த்தேன். பணத்தை யாருடைய சொந்தக் கணக்குக்கும் நேரடியாக அனுப்பாதீர்கள், அதிகாரியே கேட்டாலும்.

அந்தப் பெரியவருக்கு எட்டாயிரம் போய்ச் சேர்ந்துவிட்டது. ஸ்டேட்மெண்டில் ஒரு வரி கழிந்திருக்கிறது. பையன்மேல் நான் கொடுத்த புகார் இன்னும் விசாரணையில் இருக்கிறது. மாதம் ஒருமுறை ஒப்புகை எண்ணைப் போட்டுப் பார்க்கிறேன்.